பாறைக்குழியில் மல்லாந்து நீந்தும் தேவதை இறால் என்ன தின்னும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. நிலத்தை ஒட்டி ஒரு மொட்டைக் கரடு. நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்து அதன் மேல் ஏறினால், பாறைக்குழிகளில் தேங்கிய தண்ணீரில் விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளமான ஓர் உயிர் மல்லாந்தபடி நீந்திக்கொண்டிருக்கும். பத்து வருடமாக மழைக்குப் பின் அங்கே போய்க் குனிந்து உட்கார்ந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மீன்தொட்டி வைத்திருக்கும் ஹோசூர் இளைஞர்கள் எல்லோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பாதிக் கேள்விகள் அதன் சாப்பாட்டைப் பற்றியவை. அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தேவதை இறால் என்பது எது? நாம் குழம்பு வைக்கும் இறால்தானா?

இல்லை. இரண்டும் நண்டும் சேர்ந்த ஓட்டுடலி வகைதான், ஆனால் தூரத்துச் சொந்தம். குழம்பு இறாலுக்கு முதுகில் கெட்டியான ஓடு உண்டு. இதற்கு ஓடே கிடையாது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். காம்பின் நுனியில் இரண்டு கறுப்புக் கண்கள், நெஞ்சின் இரண்டு பக்கமும் இலை போன்ற 11 ஜோடிக் கால்கள், பின்னால் மெல்லிய வால். ஆங்கிலத்தில் ஃபேரி ஷ்ரிம்ப் என்பதைத்தான் தமிழில் தேவதை இறால் என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் "தண்ணிப் பூச்சி" என்றோ "மீன் குஞ்சு" என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டுக் குட்டைகளில் பரவலாக இருப்பது ஸ்ட்ரெப்டோசெஃபலஸ் டைகோடோமஸ் என்ற இனம். 1860இல் அறிவியல் பெயர் பெற்றது. ஆணின் தலையில் முன்னால் கவைக்கோல் போல இரண்டு பெரிய பிடிகொம்புகள் இருக்கும். அவை பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு. இரை பிடிக்கவோ கடிக்கவோ அவை உதவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொம்பைப் பார்த்தவுடன் "இதாலதான் கொத்தித் தின்னுமா?" என்று கேட்காத பிள்ளையே இல்லை.

மழை பெய்த இரண்டு நாளில் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழுகிறதா?

எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு தாத்தா இதைத்தான் நம்பினார். "நேத்து வரைக்கும் காஞ்சு கெடந்த குழிங்க. மழை பேஞ்சதும் எப்படிங்க வந்துச்சு? மேல இருந்துதான் விழணும்" என்றார். நான் குழியின் ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து, மழைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போட்டு அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை போனபோது, "ஏப்பா, உள்ள என்னமோ துள்ளுது" என்று அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மண்ணில்தான் முட்டைகள் இருந்தன. தடித்த ஓட்டுக்குள் கரு பாதி வளர்ந்து, அப்படியே உறங்கிக் கிடக்கும். சித்திரை வெயிலில் பாறை கொதித்தாலும் தாங்கும், காற்றில் பறந்தாலும் தாங்கும். பல ஆண்டுகள் காத்திருக்கும். உப்பு குறைந்த புதுத் தண்ணீரும் வெளிச்சமும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். எல்லா முட்டையும் ஒரே மழைக்குப் பொரியாது. ஒரு பங்கு அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்குமாக நிற்கும். மானாவாரி நிலத்தில் விதைக் கேழ்வரகு முழுவதையும் முதல் மழைக்கே விதைக்காமல் கொஞ்சம் குதிரில் வைத்திருப்பார்களே, அந்தக் கணக்குத்தான்.

சரி, அது என்னதான் தின்னும்?

நாம் "அழுக்கு" என்று சொல்வதைத்தான். தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா, ஒற்றைச் செல் நுண்பாசி, ஈஸ்ட், பரமீசியம் போன்ற ஒற்றைச் செல் உயிரிகள், அழுகிய இலையின் தூள், ஆட்டுப்புழுக்கை கரைந்த துகள், இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு விலங்குகளும். நம் வீட்டுச் சல்லடை கடலைமாவையும் கோதுமைமாவையும் பிரித்துப் பார்க்காதே, அப்படித்தான் இதுவும். அளவு சரியாக இருந்தால் உள்ளே போகும்.

எங்கள் கரட்டுக் குழியில் இந்தச் சாப்பாடு எப்படிச் சேருகிறது என்று கவனித்திருக்கிறேன். பாறையில் மண் கிடையாது, செடி கிடையாது. ஆனால் மைனாவும் புறாவும் வந்து உட்கார்ந்து எச்சமிடுகின்றன. ஆடுகள் ஏறுகின்றன. காற்று தூசியையும் புங்கமர இலையையும் கொண்டுவந்து போடுகிறது. மழை பெய்து தண்ணீர் நின்றதும் முதலில் பாக்டீரியா பெருகும். அதைத் தின்ன ஒற்றைச் செல் உயிரிகள் வரும். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால் நுண்பாசி பிடித்துத் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும். அப்புறம் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு. தேவதை இறால் வளர்கிற வரிசையும் இந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். குஞ்சாக இருக்கும்போது பொடித் தீனி, பெரிதானதும் பெரிய தீனி.

எப்படித் தின்கிறது? வாயைத் திறந்து விழுங்குவது மாதிரித் தெரியவில்லையே?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் குழித் தண்ணீரோடு ஓர் இறாலை மட்டும் எடுத்து வையுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் போதும். முதலில் கால்களைப் பாருங்கள். 22 கால்களும் ஒரே நேரத்தில் அசையாது. பின்கால் முதலில் அசையும், அடுத்து அதற்கு முன்னால் இருப்பது, பிறகு அதற்கும் முன்னால் இருப்பது. காற்றில் நெல்வயல் அலையடிப்பது போல அசைவு பின்னாலிருந்து முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் இடைவெளி விரியும்போது தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இடைவெளி சுருங்கும்போது அதே தண்ணீர் வெளியே பிதுங்குகிறது. காலின் உள்விளிம்பில் சீப்புப் பற்கள் போல மிக நெருக்கமாக முடிகள் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே போய்விடும், துகள் தங்கிவிடும்.

தங்கிய துகளை வேறு முடிகள் வழித்து, நெஞ்சின் நடுக்கோட்டில் இருக்கும் ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் தள்ளும். அந்த வாய்க்கால் தலையை நோக்கிப் போகிறது. வாய்க்கு மேலே மூடி மாதிரி ஒரு மேலுதடு. அதன் சுரப்பிகளிலிருந்து வரும் பசை துகள்களை உருண்டையாக்கும். உள்ளே இரண்டு தாடைகள் ஆட்டுக்கல் போல உருண்டு அதை அரைத்துக் குடலுக்கு அனுப்பும். லென்ஸில் நன்றாகப் பார்த்தால், வாய்க்காலில் ஒரு பச்சை நூல் மெதுவாக நகர்ந்து போவது தெரியும். நான் முதல் தடவை அதைப் பார்த்த அன்று, உச்சிவெயிலில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அந்தக் கால்கள்தான் துடுப்பு, அவைதான் சல்லடை, அவற்றிலேயே மூச்சுவிடும் செவுளும் இருக்கிறது. அதனால் இது நீந்துவதை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவதும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூச்சுவிடுவதும் இல்லை. மூன்றும் ஒரே வேலை. தண்ணீரில் தீனி இருக்கும் வரை, நீந்துகிற நேரமெல்லாம் சாப்பாட்டு நேரம்.

தின்றதை எப்படித் தெரிந்துகொள்வது?

உடம்பு கண்ணாடி என்று சொன்னேன் அல்லவா? குடல் தலையிலிருந்து வால் வரை நேராக ஒரு கோடு. பாசித் தண்ணீரில் இருந்தால் பச்சைக் கோடு, செம்மண் கலங்கலில் இருந்தால் காவிக் கோடு, ஒன்றும் தின்னாதிருந்தால் வெறும் கண்ணாடி.

பள்ளியில் செய்து காட்ட எளிய வழி உண்டு. தெளிந்த மழைத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள், குடல் ஓரளவு காலியாகும். பிறகு ஸ்பைருலினா என்ற நுண்பாசியின் தூளைக் கத்தி முனையில் தொட்டு எடுத்து, தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடங்களில் தலைக்குப் பின்னால் பச்சை தெரியத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் கோடு வாலை நோக்கி இறங்கிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் சத்தமே போடாமல் ஒரு கிண்ணத்தைச் சுற்றி நின்றதை இந்தச் சோதனையின்போதுதான் பார்த்தேன்.

ஏன் மல்லாந்து நீந்துகிறது?

வயிற்றுப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது இதன் இயல்பு. குட்டையில் வெளிச்சம் மேலிருந்து வருவதால் வயிறு மேலே, முதுகு கீழே. இருட்டு அறையில் கண்ணாடி டம்ளருக்கு அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், புரண்டு கவிழ்ந்து நீந்தும்.

தண்ணீரில் தீனி குறைந்துவிட்டால் குழியின் அடிக்குப் போகும். அங்கே புரண்டு, வயிற்றுப் பக்கத்தைத் தரையில் உரசுவது போல நகர்ந்து, அடியில் படிந்த வண்டலைக் கால்களால் கிளறி எழுப்பி, எழும்பியதை வடிகட்டும். பாறையில் ஒட்டிய பாசிப் படலத்தைச் சுரண்டுவதும் உண்டு. வற்றப் போகும் குழிகளில், கடைசி நாட்களில், இதை அதிகம் பார்க்கலாம்.

இரையைத் தேர்ந்தெடுக்குமா? இல்லை, கிடைத்ததையெல்லாம் தின்னுமா?

பூனை எலியைப் பார்த்துத் துரத்துவது போல இது எதையும் குறிவைப்பதில்லை. கண் இருக்கிறது, ஆனால் இரை தேட அதை நம்பி இல்லை. அதற்காக எல்லாமே சமமாக உள்ளே போகிறது என்றும் சொல்ல முடியாது. தேர்வு நடக்கிறது, நடத்துவது கால்முடிகளும் இரையின் வேகமும்.

முதலில் அளவு. முடிகளின் இடைவெளியை விடப் பொடியானது நழுவிப் போய்விடும். வாய்க்காலில் நுழைய முடியாத அளவு பெரியது வெளியே தள்ளப்படும். நடுவில் இருப்பதுதான் சாப்பாடு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பார்கள். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியின் செல் 2 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும், இதற்கு அருமையான தீனி. இதன் உப்புத்தண்ணீர்ச் சொந்தமான ஆர்ட்டீமியா ஏறக்குறைய 1 முதல் 50 மைக்ரான் வரையுள்ள துகள்களை எடுக்கும். உடம்பு வளர வளர இந்த எல்லையும் விரியும்.

இப்போது உயிருள்ள இரைக்கு வருவோம். தேவதை இறாலைச் சைவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ரோட்டிஃபர் என்பது தலையில் சுழலும் சக்கரம் போன்ற முடி வளையம் கொண்ட நுண்விலங்கு. நம் குட்டைகளில் சாதாரணமாக இருக்கும் பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர் 100 முதல் 300 மைக்ரான் நீளம் இருக்கும், அதாவது குளோரெல்லா செல்லைப் போலப் பல மடங்கு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோசெஃபலஸ் புரோபோசிடியஸ் என்ற இனத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள், அது ரோட்டிஃபர்களை உயிரோடு பிடித்துத் தின்பதை எடுத்துக்காட்டினார்கள். நம் டைகோடோமஸ் இனம் அதே பேரினத்தில் ஒன்று.

இரண்டாவது, வேகம். ரோட்டிஃபர் மெதுவாகச் சுழன்று நீந்தும். கால்கள் உறிஞ்சும் நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்துத் தப்ப அதற்குத் தெம்பு இல்லை. அதே குழியில் கோப்பிபோட் என்ற இன்னொரு சின்ன ஓட்டுடலியும் இருக்கும். லென்ஸில் பார்த்தால் ஒற்றைக் கண்ணும் நீண்ட மீசையுமாகத் தெரியும். நீரோட்டம் இழுப்பதை உணர்ந்த கணமே ஒரு துள்ளலில் எட்டப் போய்விடும். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு உயிர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் மெதுவானது மாட்டும், துள்ளுவது தப்பும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இறால் ரோட்டிஃபரை விரும்பிப் பொறுக்குவது போலத் தோன்றும்.

எது நிறைய இருக்கிறதோ அதுவே நிறைய உள்ளே போகும் என்பதும் உண்மை. மழைக்குப் பின் இரண்டாம் நாள் பாக்டீரியாவும் இலைத்தூளும், ஏழாம் நாள் பச்சைப் பாசியும் ரோட்டிஃபரும். நாள் மாற மாற அதே இறாலின் சாப்பாடும் மாறிக்கொண்டே போகும்.

கலங்கிய செம்மண் தண்ணீரிலும் இருக்கிறதே, மண்ணையா தின்னும்?

தின்னும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மண்குட்டைகள் புதுமழையில் டீ போலக் கலங்கிக் கிடக்கும். களிமண் துகளும் பாசிச் செல்லும் அளவில் ஒத்துப்போவதால் சல்லடை இரண்டையும் எடுத்துவிடும். மண்ணில் மட்டும் சத்து இல்லை, ஆனால் ஒவ்வொரு மண்துகளின் மேலும் பாக்டீரியாவும் கரைந்த சத்தும் ஒட்டியிருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு மண்ணைக் கழிவாக வெளியே விடும்.

குஞ்சுகளுக்கு என்ன சாப்பாடு?

பொரிந்தவுடன் எதுவும் தேவையில்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்கரு உடம்பிலேயே இருக்கும், குடலும் முழுதாகத் திறந்திருக்காது. ஒரு தடவை தோலுரித்த பிறகுதான் சாப்பிடத் தொடங்கும். அப்போது நெஞ்சுக் கால்கள் இன்னும் முளைத்திருக்காது. தலையில் இருக்கும் இரண்டாம் ஜோடி உணர்கொம்புகளை அடித்துத்தான் நீந்தும், அவற்றால்தான் பொடித் துகள்களை வாய்ப் பக்கம் வழிக்கும். ஒவ்வொரு தோலுரிப்பிலும் கால்கள் ஒன்றிரண்டாக முளைத்து வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இங்கே அவசரம் இருக்கிறது. எங்கள் கரட்டில் ஆழமில்லாத குழி பத்துப் பன்னிரண்டு நாளில் வற்றிவிடும். அதற்குள் பொரிந்து, வளர்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டாக வேண்டும். சூடான தண்ணீரும் தீனியும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெண்ணின் வயிற்றுப் பையில் முட்டை தெரியும். தீனி குறைந்த குழியில் உடம்பு சிறுத்து, முட்டையும் குறைவாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு குழிகளில், ஆடு ஏறி வருகிற பக்கத்துக் குழி இறால் கட்டைவிரல் அகலமும், எச்சமே விழாத செங்குத்துப் பக்கத்துக் குழி இறால் அதில் பாதியுமாக இருந்ததை ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

வேட்டையாடுகிற தேவதை இறாலே கிடையாதா?

உண்டு, நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், வறண்ட ஏரிப் படுகைகளில் தேங்கும் கலங்கல் நீரில் பிராங்கினெக்டா கைகாஸ் என்று ஓர் இனம் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் வரை வளரும். அதே நீரில் இருக்கும் பிராங்கினெக்டா மக்கினி என்ற சின்ன இனத் தேவதை இறாலைக் கால்களால் பற்றி விழுங்கும். கலங்கலில் கண் உதவாது, தொட்டுணர்ந்தே பிடிக்கும். வடிகட்டுவதற்காக அமைந்த அதே கால்கள், முடிகள் மாறிப் பிடிக்கிற கால்களாகிவிட்டன. இந்த ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

கொசுப்புழுவைத் தின்னுமா?

தின்னாது. கொசுப்புழு வாய்க்காலில் நுழைய முடியாத அளவு பெரியது. இரண்டும் ஒரே பாக்டீரியாவையும் பாசியையும் வடிகட்டுகிற பங்காளிகள், அவ்வளவுதான். கொசுப்புழுவைத் தின்கிறவை அதே குழியில் வேறு இருக்கின்றன: தும்பியின் இளம்புழு, நீர்வண்டின் புழு, துடுப்புக்காலால் மல்லாந்து நீந்தும் முதுகுநீச்சல் பூச்சி. டெங்கு பயத்தில் கரட்டுக் குழிகளில் அபேட் மருந்து ஊற்றினால் கொசுப்புழுவோடு இந்த இறாலும் செத்துப்போகும், ஓட்டுடலிகளுக்கு அது விஷம். டெங்குக் கொசு தேடுவது வீட்டைச் சுற்றிக் கிடக்கும் டயர், தேங்காய்ச்சிரட்டை, மூடாத தொட்டி. மருந்தும் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

ஆடுமாடு அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஏதாவது ஆகுமா?

இந்த உயிரால் ஒன்றும் ஆகாது. கடிக்காது, கொட்டாது, விஷமும் இல்லை. தாய்லாந்தின் வடகிழக்கில் மனிதர்களே பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே 2000இல் கண்டறிந்த ஓர் இனத்துக்கு அந்நாட்டு இளவரசி சிரிந்தோர்ன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இதை யார் தின்பார்கள்?

மேலே சொன்ன தும்பிப் புழுவும் நீர்வண்டும்தான் முதல் எதிரிகள். கேடயம் போன்ற ஓடுள்ள டிரையாப்ஸ் என்ற இன்னொரு மழைக்கால ஓட்டுடலி சில மண்குட்டைகளில் கூடவே பொரியும், அதுவும் பிடித்துத் தின்னும். கொக்கும் ஆள்காட்டியும் வரும். பறவை தின்றாலும் பெண்ணின் பையில் இருக்கும் முட்டைகள் எல்லாம் அழிவதில்லை. சில எச்சத்தோடு வெளியே வந்து வேறொரு குட்டையில் விழும். பாறையிலிருந்து பாறைக்கு இந்த இனம் குடிபோகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மீன் இருக்கும் இடத்தில் இது இருக்காது. மெதுவாக, திறந்த நீரில், ஓடும் இல்லாமல் நீந்துகிற உடம்பு மீனுக்குத் தட்டில் வைத்த சோறு. கிருஷ்ணகிரி அணையிலோ வருடம் முழுவதும் வற்றாத கோயில் சுனையிலோ தேடாதீர்கள்.

வீட்டில் வளர்த்தால் என்ன தீனி போடுவது?

அகலமான பாத்திரம், மழைத் தண்ணீர், வெளிச்சம். போர் தண்ணீர் வேண்டாம். நம் மாவட்டங்களில் அது உப்பும் கடினமும் மிகுந்தது, ஃப்ளோரைடும் சேர்ந்தது, முட்டை பொரிய இவ்வளவு கரைசல் உள்ள தண்ணீர் உதவாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.

தீனிக்கு முதலிடம் பச்சைத் தண்ணீருக்கு. ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய மீன்தொட்டித் தண்ணீரை வெயிலில் வைத்தால் பத்து நாளில் பச்சை பிடிக்கும். அதைத் தினம் ஒரு கரண்டி ஊற்றுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்பைருலினா தூள், பேக்கரி ஈஸ்ட், அல்லது அரிசித் தவிட்டைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிய பால். எதுவானாலும் தண்ணீர் லேசாகக் கலங்கியது போலத் தெரிந்தால் போதும். அது தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன். முதல் வருடம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஏறக்குறைய எண்பது குஞ்சுகள் நன்றாக வளர்ந்து வந்தன. வெளியூர் போக வேண்டியிருந்ததால் இரண்டு நாளைக்குச் சேர்த்து ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் கரைத்து ஊற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் பால் போல வெளுத்து, புளித்த வாசனையோடு இருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. எஞ்சிய ஈஸ்ட் அழுகி, பாக்டீரியா பெருகி, இரவோடு இரவாகத் தண்ணீரில் இருந்த பிராணவாயுவை இழுத்துவிட்டிருக்கிறது. சல்லடை தன்னால் முடிந்த அளவுதான் அரிக்கும், மீதி தண்ணீரில்தானே கிடக்கும். அந்தத் தொட்டியைக் கழுவி ஊற்றிய காலை இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு நாள் தீனி போடாவிட்டால் சாகாது. ஒரு நாள் கூடப்போட்டால் செத்துவிடும்.

மீன்தொட்டிக் கடையில் டப்பாவில் விற்பது இதுதானா?

அது ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் இருப்பது. சாப்பிடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதற்கு உப்புத்தண்ணீர் வேண்டும். அந்த முட்டைகளைப் பாறைக்குழியில் கொட்டிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

பாறைக்குழியில் அழுக்கு எடுத்துச் சுத்தம் செய்தால் இவற்றுக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். போன கோடையில் பக்கத்து ஊரில் சில இளைஞர்கள் ஒரு கரட்டின் மேல் இருந்த குழிகளையெல்லாம் மண்வெட்டியால் வழித்து, வண்டலைச் சாக்கில் கட்டி அடிவாரத்தில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் தூவிக் கழுவினார்கள். பிளாஸ்டிக் கவரும் பாட்டிலும் பொறுக்கியது அருமையான வேலை. ஆனால் அந்தச் சாக்கில் போன இரண்டு அங்குல வண்டலில்தான் பல வருடத்து முட்டைகள் இருந்தன. அடுத்த மழைக்குப் பொரிகிறவற்றுக்கான சாப்பாடும் அதே வண்டலில்தான் இருந்தது. மழை பெய்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை.

அடிவாரத்தில் கொட்டிய சாக்குகளில் இரண்டு அப்படியே கிடந்தன. அந்த இளைஞர்களிடம் விவரம் சொன்னதும் அவர்களே தலையில் சுமந்து மேலே கொண்டுவந்து பரப்பினார்கள். ஐப்பசி மழைக்குப் பின் பெரிய குழியில் ஒன்பது இறாலை எண்ணினோம். ஒன்பதின் குடலும் பழுப்பாக இருந்தது.

பிள்ளைகளோடு எப்போது, எப்படிப் போய்ப் பார்க்கலாம்?

வைகாசியில் கோடை மழை பெய்த பிறகும், புரட்டாசி ஐப்பசி மழைக்குப் பிறகும். மழை பெய்து ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நல்ல சமயம். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அப்புறம் பாறை சுடும். மல்லசந்திரம் போலக் கல்திட்டை (பழங்கால ஈமச்சின்னம்) உள்ள குன்றுகளில் ஏறினால் கல்லைத் தொடாமல் சுற்றிப் போங்கள். வெள்ளைக் கிண்ணம் ஒன்று, லென்ஸ் ஒன்று, டீ வடிகட்டி ஒன்று போதும். கையில் பூச்சிமருந்தோ கொசு விரட்டும் களிம்போ இருந்தால் தண்ணீரில் கை விடாதீர்கள். மாந்தோப்பில் மருந்தடித்துவிட்டு வந்த கையானால் இன்னும் மோசம்.

கிண்ணத்தைக் குழியின் நிழல்பக்கம் வைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். கால்களின் அலை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். குடல் என்ன நிறம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் எடுத்த குழியிலேயே திருப்பி விடுங்கள். பக்கத்துக் குழியில் விட்டால் அங்கே தும்பிப் புழு காத்திருக்கலாம்.